அரிசி டிரம்மில் இருந்த லேப்டாப்

ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு.

மணி எட்டு நாற்பத்தெட்டு. திரையில் பச்சைக் கோடு பாதிதான் நகர்ந்திருந்தது.

என் லேப்டாப்பில் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. பிளக்கில் செருகியிருந்தால்தான் அதற்கு உயிர். அதிலிருந்து ஒரு ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர், மேசைமேல் கிடந்த என் காது மிஷினுக்கு.

பதியும்போது பாதியில் நின்றால் மிஷின் அவ்வளவுதான் என்று சிவப்பு மையில் எழுதியே கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தபிறகு ஆரம்பித்திருக்கலாம். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாளாக அப்படித்தான். உப்பளக் கம்பெனி ஆபீசில் போன் எடுப்பது என் வேலை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக மேனேஜர் மெசேஜ் அனுப்பிவிட்டார்.

எல்லாம் மரக்காணத்துக் காற்று செய்த வேலை. கதவுக் கீலையே தின்கிற உப்புக் காற்று, விரல் நுனியளவு மிஷினை விட்டுவைக்குமா? பழுது பார்க்கக் கொடுத்தேன். பழுது நீங்கி வந்தது. ஆனால் என் காதுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டும் என்று அதற்குள் பதிந்து வைத்திருந்ததெல்லாம் அழிந்திருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டி மறுபடி பதிய வேண்டும்.

அங்கேதான் வம்பு. மிஷின் வாங்கிய பாண்டிச்சேரி சென்டரில் கம்ப்யூட்டர்களை மாற்றிவிட்டார்கள். என் மிஷினுக்கான சாஃப்ட்வேர் விண்டோஸ் செவனோடு நின்றுபோனதாம். புதுக் கம்ப்யூட்டரில் ஏறவே ஏறாதாம். புது மிஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விலையோடு எழுதிக் காட்டினார்கள்.

ஏழு வருஷம் முகம் சுளிக்காமல் உழைத்த மிஷின். அதைப் போய்க் குப்பை என்றதில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

விலையைப் பார்த்த என் வீட்டுக்காரர் இருசப்பன், தனக்குத்தானே உதட்டை அசைத்தார். ஒரு இன்ஜின் விலை. உதடு படிப்பதில் நான் தப்பு செய்வதே இல்லை.

படகு இன்ஜின் என்றால் மனுஷனுக்கு உயிர். கடலிலிருந்து வந்ததும் முதலில் அதற்குத்தான் நல்ல தண்ணீரில் குளியல், அப்புறம்தான் இவருக்கு. பெண்டாட்டியின் காதை இன்ஜினோடு வைத்து எடை போடுகிறாரே என்று எனக்கு மனசு கசந்துபோனது.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வேறு. போன் வந்தால் வாசலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார். உதடு எனக்குத் தெரியக்கூடாதாம். என்னைப் பற்றி யாரிடமோ புலம்புகிறார், வேறென்ன? நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் வாசலில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்டரில் அஸ்வினி என்ற பெண் மட்டும்தான் எனக்கு இரங்கினாள். பழைய சாஃப்ட்வேரை ஒரு பென்டிரைவில் போட்டாள். காயலான் கடைக்கு ஒதுக்கியிருந்த பெட்டியையும் ஒயரையும் எடுத்துக் கொடுத்தாள். செய்ய வேண்டியதை, அந்தச் சிவப்பு மை எச்சரிக்கையோடு, வரிவரியாக எழுதித் தந்தாள். பழைய விண்டோஸ் இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் அவளிடம் இல்லை.

என்னிடம் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். உப்புக் காற்று படக்கூடாது என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்மின் அடியில் புதைத்து வைத்திருந்தேன். இன்டர்நெட்டை ஒருநாளும் பார்க்காத லேப்டாப். உனக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

முந்தின நாள் அதை வெளியே எடுத்துத் தட்டினேன். கீபோர்டிலிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. பட்டனை அழுத்தியதும் நாலு நிறத்தில் அந்தப் பழைய ஜன்னல் படம் வந்தது. தனியாக நின்று கைதட்டினேன்.

எட்டு ஐம்பத்தாறு. கோடு முக்கால் தூரம் வந்திருந்தது.

எட்டு ஐம்பத்தெட்டு. கோடு அசையவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

கோடு முழுசானது. பதிந்தாயிற்று என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

ஒயரைப் பிடுங்கினேன். அதே மூச்சில் திரை கறுத்தது. ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே கரண்ட் போய்விட்டது.

மிஷினைக் காதில் மாட்டினேன். ஒன்றுமில்லை.

பிறகு, ஆன் ஆகும்போது அது எப்போதும் போடுகிற மணிச் சத்தம். அடுத்து கடல். நிற்கப்போகிற ஃபேனின் கிறீச். பக்கத்து வீட்டுக் கோழி. ஜெயித்துவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது.

ஃபேன் நின்றது. வாசலிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல், நன்றாக அடக்கிய குரல்.

"சாயந்தரம் வந்து இன்ஜினை எடுத்துக்கோங்கண்ணே. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். காது மிஷினை வாங்கி அவ கையில குடுத்துட்டு நானே சொல்லிக்கிறேன்."

இத்தனை நாளாக அந்த முதுகை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சந்தோஷமாக இருந்தது.

நானும் திரும்பவில்லை. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இன்ஜினை விக்கலன்னு சொல்லிடுங்க."

சிமென்ட் தரையில் போன் விழுந்த சத்தமும் தெளிவாகக் கேட்டது.