கொடிக்கம்பியில் கரி

கும்மிடிப்பூண்டியில் துணி காயப்போடும் முன் ஈரத்துணியால் கொடிக்கம்பியைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரும்பு ஆலைகளின் கரி வெள்ளைச் சட்டைகளில் கோடாக விழும்.

கணவன் பார்த்திபனின் வேலைக்காக நார்வே வந்து இது முதல் குளிர்காலம். தினமும் அவன் வேலைக்குப் போனபின் நந்தினி இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பேச ஆளில்லை. ஆனாலும் பால்கனிக் கம்பியைத் துடைக்காமல் அவள் ஒருநாளும் துணி போட்டதில்லை. துடைத்தால் பனிதான் வரும்.

"இங்க ஏது கரி? நீ இன்னும் கும்மிடிப்பூண்டியிலதான் கீற," என்று பார்த்திபன் சிரிப்பான்.

பங்குனியில் ஒரு காலை, துடைத்த துணி கறுப்பாக வந்தது. பால்கனியெங்கும் வெள்ளைவெளேரென்று பனி. கம்பியில் மட்டும் கரி. மூத்தவள் தேவதர்ஷினி விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"அம்மா, நம்ம ஊட்டு வாசனை."

நந்தினி ஊரிலிருக்கும் தங்கை இளமதியை வீடியோவில் அழைத்தாள். அங்கே உச்சிவெயில். இவள் வாய் திறப்பதற்குள் இளமதி முந்திக்கொண்டாள்.

"அக்கா, உனக்குத்தான் போன் பண்லாம்னு இருந்தேன். கொடி மேல பஞ்சாட்டம் இன்னாவோ கீது. தொட்டா கை வெறைக்குது."

போனைத் திருப்பிக் காட்டினாள். கொதிக்கும் மொட்டைமாடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கம்பியின் மேல் விரல் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. கீழே தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

இளமதியின் மறுகையில் ஈரத்துணி இருந்தது.

"தொடைக்காதடி," என்றாள் நந்தினி. "அப்டியே வுடு."