நர்ஸின் போன்

"வேலை நேரத்துல எதுக்கு இத்தனை தடவை போன்?" என்று நேற்றுதான் வீட்டுக்காரம்மா கேட்டிருந்தாள். இன்று கேமரா கம்பெனிப் பையோடு ஓர் ஆள் வந்து நின்றதும், அங்கே படுத்த படுக்கையாய் இருந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பதறி எழுந்தாள்.

"என் மேல சந்தேகமாம்மா?"

"முதல்ல உன் போனைக் குடு."

போனையுமா? நர்ஸுக்கு அழுகை முட்டியது. "நிறுத்தறதுன்னா நேரா சொல்லிடுங்கம்மா. வேவு மட்டும் பார்க்காதீங்க."

அவள் தந்த போனில் கேமராக்காரர் கேமரா ஆப்பை ஏற்றிவிட்டு, அதை அவளிடமே நீட்டினார். "பாஸ்வேர்டை மாத்திக்குங்க. உங்களைத் தவிர யாருக்கும் தெரிய வேணாம்."

திரையில் அவள் வீடு! காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த புருஷன் கையாட்டினான். "தெரியறேனா? தண்ணி பக்கத்துலயே இருக்கு. நீ நிம்மதியா வேலையைப் பாரு."

"நீ போன்ல, 'தனியா எழுந்திருக்காதீங்க'ன்னு அவர்கிட்ட கெஞ்சினது நேத்து காதுல விழுந்துச்சு," என்றாள் வீட்டுக்காரம்மா. "அவர்கிட்ட கேட்டுட்டுதான் காலையில கேமரா மாட்ட உன் வீட்டுக்கு ஆளை அனுப்பினேன். எங்கப்பாவை நீ பார்த்துக்கறே. உன் வீட்டுக்காரரையும் நீ பார்க்க வேணாமா?"

நர்ஸ் அந்த அம்மாளின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.