பியானோ முன்னால் அரை மணி நேரம்

துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கியவள் கடைசிப் படிகளைத் தாவிக் கடந்தாள். வாசல் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே பியானோ சத்தம் இன்னும் கேட்டதும்தான் உயிர் வந்தது. இரண்டரை வயது மகள் ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள். "தினமும் பியானோ முன்னாடி உட்கார வைங்க, கவனம் தானா வரும்" என்று ப்ளே ஸ்கூல் டீச்சர் சொல்லியிருந்தார். இன்று மாடிவரை கேட்ட சத்தம் அரை மணி நேரமாக நிற்கவே இல்லை.

பூரிப்போடு எட்டிப் பார்த்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தது கணவன்.

"பாப்பா எங்கேங்க?"

"இங்கேதான் பக்கத்துல..." திரும்பியவன் முகம் வெளுத்தது.

தெருவுக்கு ஓடினார்கள். பஸ்கள் சீறிக்கொண்டு போயின. "பாப்பா! பாப்பா!" என்று கத்தினாள்.

"இங்கே வாங்கம்மா!" என்றார் பக்கத்துத் தையல்கடைக்காரர்.

மகள் அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏறி இறங்கும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து இருபது நிமிஷமாச்சு. அசையவே மாட்டேங்குறா. உங்க வீட்டுல பியானோ கேட்டுச்சா, ஆள் இருக்குன்னு விட்டுட்டேன்."

ஓவென்று அழுதபடி மகளை வாரி அணைத்தாள்.

தலையைத் திருப்பாமலே மகள் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! பாக்கறேன்ல!"