பதில் தெரியாத கேள்வி

சாயங்கால வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. பெரிய கம்பெனிகளின் வழக்குகளிலேயே தலை நரைத்துப்போன சீனியர் வக்கீல், வெள்ளைக் கழுத்துப் பட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அவர் மனைவி. அவருக்குக் கோர்ட் இருந்ததால், மார்பில் இருக்கும் கட்டி என்னவென்று தெரிந்துகொள்ள டாக்டரிடம் தனியாகவே போய்வந்தவள். ஆறிப்போன டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கிறாள்.

"வண்டி உடனே கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அங்க கூட்டமா?"

"ஆமா."

"ரொம்ப நேரம் உக்கார வச்சாங்களா?"

கரண்டி நிற்கிறது. "நான் என்ன எதிர்த்தரப்பு சாட்சியா? கேக்க வேண்டியத விட்டுட்டு ஊரெல்லாம் சுத்துறீங்களே."

அவர் சிரிக்கப் பார்க்கிறார், உதடு ஒத்துழைக்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கவே கூடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம். இன்று காலையிலும் அதை வைத்துத்தான் ஒரு முதலாளியைக் கூண்டில் வியர்க்க வைத்தார். இப்போது அவருக்கு வியர்க்கிறது. பட்டையை மெல்ல அவிழ்த்து மேசையில் வைக்கிறார். பாத்திரம் தேய்க்கும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது ஓய்ந்த பிறகு, அவள் விரல்களைப் பிடித்துக்கொள்கிறார்.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?"

அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள்.

"இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கீங்க."