என்ஜின் சொன்ன சாட்சி

"இந்த வண்டியை யார் கெடுத்தாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லணும்" என்றபடியே காரிலிருந்து இறங்கினார் கணவர்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. யார்மேல் கோளாறு என்று கேட்டு வந்தவர் இவர்தான். பின்னாலேயே மனைவி இறங்கினாள். கடைசியாகக் கைப்பையை அணைத்துக்கொண்டு மாமியார்.

கார் பழசு. ஆனாலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிற என்ஜின். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி லேப்டாப்பைத் திறப்பதற்குள், கணவர் குற்றப்பத்திரிகை வாசித்து முடித்துவிட்டார். சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறதாம். கிளட்ச் தீய்ந்த வாடை அடிக்கிறதாம். எல்லாம் இவள் ஓட்டுகிற லட்சணமாம். சாட்சி கிடைத்துவிட்டால் இன்றோடு சாவியைப் பிடுங்கிவிடுவாராம்.

மனைவியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

திரையைப் பார்த்த மெக்கானிக்குக்குக் குழப்பமாகிவிட்டது. "வண்டி நகராம நிக்கும்போதே ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிருக்காங்க. அதுவும் பல தடவை. பழகினவங்க இப்படிப் பண்ண மாட்டாங்களே. புதுசா கத்துக்கறவங்க பண்ற வேலை இது."

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஓட்டறா. இன்னுமா கத்துக்கறா?" என்று கேட்டார் கணவர்.

"நான்தான். ஏதோ நினைப்புல மிதிச்சிருப்பேன்" என்றாள் மனைவி.

மாமியார் சும்மா இருந்திருக்கலாம். "இவளுக்கு எப்பவுமே கால் கொஞ்சம் கனம்தான்" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு மாமியார் வாய்த்தால் யாருக்குத்தான் கால் நடுங்காது?

சாவியை மட்டும் வாங்க வேண்டாம் என்று மனைவி கெஞ்சினாள். அதற்குப் பதில் என்ஜின் அதிகம் சீறாமலும், நின்றால் அணையாமலும் கம்ப்யூட்டரில் மாற்றி வைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் மெக்கானிக்.

"சின்னக் குழந்தைகூட ஓட்டலாம்ங்கற மாதிரி பண்ணிடுங்க. அப்பதான் இவளுக்குப் புத்தி வரும்" என்று தண்டனை விதித்த திருப்தியோடு கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மெக்கானிக் மாற்றங்களைப் பதிந்து முடித்தார். மாமியார் மெல்ல லேப்டாப் பக்கம் நகர்ந்து வந்தார்.

"இனிமே நிறுத்தினா அணையாதுல்ல தம்பி?"

"அணையாதும்மா. இனிமே உங்க மருமகளைத் திட்டறதுக்கு வழியே இல்ல" என்றார் மெக்கானிக் குத்தலாக.

மாமியார் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "அவமேல ஒரு குத்தமும் இல்லப்பா. மிதிச்சதெல்லாம் நான். வண்டி கத்துக்கறேன்னு கேட்டதுக்கு, இந்த வயசுல உனக்கெதுக்கும்மான்னு என் புள்ள சிரிச்சான். இவதான் என்னைக் கூட்டிட்டுப் போய் மைதானத்துல ஓட்ட விட்டா."

மெக்கானிக் லேப்டாப்பை மூடினார். "அப்புறம் எதுக்கும்மா பழியை அவங்கமேலயே போட்டீங்க?"

"நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் மருமகள். "மாமியார் திட்டாம இருந்தா அவருக்குச் சந்தேகம் வந்துடும் பாருங்க."