சார் கேட்ட கேள்வி

டாக்டர்களுக்காக இன்சூரன்ஸ் பில் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நடத்திவந்தார்கள். மழைக்காலத்தில் அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவள் மறுவாரமே வேலைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. சாப்பாடு ருசிக்கவும் இல்லை.

பழைய சாஃப்ட்வேர் குற்றுயிராகக் கிடந்தது. அனுப்பிய பில்லெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. டாக்டர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும், புதிதாக ஒன்று வாங்குவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. ஒருநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு விற்பனைக்காரரை வீடியோவில் அழைத்தாள்.

நோயாளியின் விவரம் எங்கே பதிவாகும், பில் எப்படிப் போகும் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் நிறுத்திச் சிரித்தார்.

"சார் கேக்கிறது நியாயம்தான். நாளைக்கு நீங்க எங்களை விட்டுட்டுப் போனாலும், உங்க பதிவு மொத்தத்தையும் கையில குடுத்துடுவோம்."

எந்த விற்பனைக்காரர் வந்தாலும் கணவன் முதலில் கேட்கும் கேள்வி அது. அவள் திரையின் மூலையில் தன் பக்கம் தெரியும் சின்னப் படத்தைப் பார்த்தாள். அதில் அவளும் காலி நாற்காலியும்தான் தெரிந்தன.

"வேற என்ன கேக்கிறார்?" என்றாள், மணி என்ன என்று கேட்பதுபோல.

"இப்ப ஒண்ணும் கேக்கல மேடம். உங்களையேதான் பாத்துட்டிருக்கார்."

அவள் திரும்பவில்லை. கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"சரி, மேல காட்டுங்க" என்றாள்.