தெஸ்பினா மேல் விழுந்த பழி

குற்றவாளியைக் கழுத்தில் கயிறு கட்டிக் காபிக்கடை வாசலுக்கு இழுத்து வந்தார் ஃபோட்டிஸ். கிரீட் தீவின் ஆர்க்கிட் பூக்களைப் பற்றிப் புத்தகம் போட்டவர், தாவர ஆர்வலர் சங்கத் தலைவர். உச்சி வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை.

"இவதான் தின்னுட்டா. வாயைப் பாருங்க, இன்னும் அசை போடுறா."

தெஸ்பினா அவரைச் சட்டை செய்யவில்லை. சங்கத் தலைவர்களை வெள்ளாடுகள் மதிப்பது கிடையாது.

ஆட்டுக்காரி அர்கிரோவுக்கு அழுகை முட்டியது. ஆடு தின்றதாகச் சொன்ன அந்த ஆர்க்கிட் பூவை மலைச்சரிவில் கண்டுபிடித்தவளே அவள்தான். புது இனமாக இருந்தால் அவள் பெயரையே வைப்பதாகச் சொல்லி, ஏதென்ஸிலிருந்து பேராசிரியை காலையில்தான் வந்திறங்கினார். போய்ப் பார்த்தால் வெறும் காம்பு.

"இருந்ததே ஒரு பூ. அதுவும் சாதாரணப் பூ. என் புத்தகத்துல நாப்பதாம் பக்கம் பாருங்க," என்றார் ஃபோட்டிஸ்.

"உங்களுக்குப் பேர் தெரியாத பூவெல்லாம் நாப்பதாம் பக்கந்தான் தலைவரே," என்றாள் அர்கிரோ.

பேராசிரியை காபியை உறிஞ்சினார். "நான் புத்தகத்தைப் பார்த்து முடிவு பண்றதில்லை. இந்த வகைப் பூவுல தேன் கிடையாது. பெண் தேனீ மாதிரி வாசனை காட்டி ஆண் தேனீயை ஏமாத்தும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே மாப்பிள்ளைதான். எந்தத் தேனீ வருதுன்னு பார்த்தா, பூ எதுன்னு தெரிஞ்சிடும்."

"பூவே இல்லை, மாப்பிள்ளைக்கு எங்க போறது? பேசாம இந்தத் திருடியை ஈஸ்டர் விருந்துக்குக் கம்பியில கோத்து வாட்டுங்க," என்று சிரித்தார் ஃபோட்டிஸ்.

அர்கிரோ கயிற்றைப் பிடுங்கி ஆட்டைக் கட்டியணைத்துக்கொண்டாள்.

அப்போது சின்னதாய் ஒரு கறுப்புத் தேனீ வந்தது. மேசையிலிருந்த தேன் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஃபோட்டிஸின் கோட்டுப் பையில் போய் உட்கார்ந்தது. அவர் தட்டிவிட்டார். திரும்ப வந்தது. கூடவே இன்னும் இரண்டு வந்து, பைக்குள் நுழைய ஒன்றையொன்று முட்டித் தள்ளின.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இந்தத் தேனீ சாதாரணப் பூவைச் சீண்டவே சீண்டாது, அர்கிரோ. பேர் உன்னோடதுதான்."

ஃபோட்டிஸ் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்க தலைவரே," என்றாள் அர்கிரோ. "மாப்பிள்ளைங்க வந்துட்டாங்க, பொண்ணை வெளிய கூட்டிட்டு வாங்க."